டீச்சர் தப்பாக வரைந்த படங்கள்

அந்தச் சார்ட்டில் மனித இதயம் ஒரு ரயில் நிலையமாக இருந்தது. மேலே கோணல்மாணலான எழுத்தில் 'ஜோலார்பேட்டை' என்று எழுதியிருந்தது. கீழே கட்டம் கட்டமாக ஒரு படக்கதை. காலி டிபன் கேரியரோடு ஒரு பயணி முதலாம் பிளாட்பாரத்தில் வந்து இறங்குகிறான். அவன்தான் ரத்தச் சிவப்பணு. கேரியரில் இருக்க வேண்டியது ஆக்சிஜன். அவன் இரண்டாம் பிளாட்பாரத்துக்குப் போய் நுரையீரல் வண்டியைப் பிடிக்கிறான், அங்கே கேரியரை நிரப்பிக்கொண்டு திரும்பி வருகிறான், மறுபடி வண்டி மாறி உடம்பெங்கும் விநியோகம் செய்யக் கிளம்புகிறான். கதை என்னவோ நன்றாகத்தான் இருந்தது. படம்தான் பார்க்கச் சகிக்காது. பயணிக்கு ஒரு கை முழங்கால் வரை தொங்கும், இன்னொரு கை தோளோடு நின்றுவிடும். ரயில் என்று வரைந்தது மரவட்டை மாதிரி இருந்தது. அந்தச் சார்ட் முழுக்க அங்கங்கே சின்னச் சின்னதாகச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர்கள் ஒட்டியிருந்தன. எங்கள் பக்கத்து ஷூ கம்பெனிகளில், செய்து முடித்த ஷூவில் எங்கே குறை இருக்கிறது என்று காட்டுவதற்காகச் செக்கிங் பெண்கள் ஒட்டுவார்களே, அதே அம்புகள்.

வரைந்தவர் எங்கள் பள்ளியின் சயின்ஸ் டீச்சர். நான் அங்கே கணக்கு வாத்தியார். ஆம்பூரைத் தாண்டி ஹைவேயை ஒட்டி இருந்த அரசுப் பள்ளி அது. காலையில் எங்கள் பிள்ளைகள் கேட்டுக்குள் நுழைகிற அதே நேரத்தில் அவர்களுடைய அம்மாக்கள் எதிர்ப்பக்கம் நின்று கம்பெனி பஸ் ஏறுவார்கள். டீச்சருக்கு வீடு வேலூரில், சத்துவாச்சாரியில். தினமும் இரண்டு பஸ் மாறி வருவார். வந்து இறங்கும்போதே கண்டக்டரோடு போட்ட சண்டையின் மிச்சம் முகத்தில் இருக்கும். சத்தமாகப் பேசுவார், சத்தமாகச் சிரிப்பார், ஸ்டாஃப் ரூமில் யார் டப்பாவில் ஊறுகாய் இருந்தாலும் கேட்காமல் எடுப்பார். கரும்பலகையில் காம்பஸ் இல்லாமலே முழு வட்டம் போடுவேன் என்று எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. "சார், உங்க வட்டத்தைப் பாத்தா பிள்ளைங்களுக்குப் பயமா இருக்கு. அதைத் தொடவே தோணாது" என்று சொல்லிக் காட்டுவார்.

இத்தனை சத்தமும் மத்தியான மணி அடித்தால் அடங்கிவிடும். அவருடைய வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்திருந்தது. பேச்சு குழறும். காலையில் சோற்றைப் பிசைந்து கிண்ணத்தில் போட்டு, இடது கைக்கு எட்டுகிற மாதிரி ஸ்டூலின் மேல் வைத்துவிட்டு வருவார். பக்கத்து வீட்டம்மா ஒருமுறை எட்டிப் பார்ப்பார். மத்தியானம் வேப்பமரத்தடியில் நின்று வீட்டுக்குப் போன் போட்டு, மெதுவாக, குழந்தையிடம் கேட்பதுபோல் கேட்பார்: "சாப்டீங்களா? கீழ சிந்தினா சிந்தட்டும், நான் வந்து பாத்துக்கறேன்." அதன் பிறகுதான் தன் டப்பாவைத் திறப்பார்.

படக்கதை வந்த விதத்தைச் சொல்ல வேண்டும். ஒன்பதாம் வகுப்பு 'இ' பிரிவு என்றால் எங்கள் எல்லோருக்கும் கொஞ்சம் அலுப்பு. அறிவியல் புத்தகத்தைத் திறந்தாலே கொட்டாவி விடுகிற கூட்டம். ஒருநாள் கடைசி பெஞ்சில் ஒரு பையன் மேசைக்கு அடியில் காமிக்ஸ் புத்தகம் படித்து மாட்டிக்கொண்டான். டீச்சர் அதைப் பிடுங்கி, ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து தானே முழுதும் படித்துவிட்டார். மறுநாள் போர்டில் நான்கு கட்டம் போட்டு இதயத்தைக் கதையாக வரைய ஆரம்பித்தார். வகுப்பு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. சிரிப்புச் சத்தம் கேட்டு நானே போய் எட்டிப் பார்த்தேன். "டீச்சர், ஜோலார்பேட்டைல நாலு பிளாட்பாரத்தோட நிக்காது" என்று ரயில்வேக்காரர் மகன் ஒருவன் எழுந்து சொல்ல, "இதயத்துக்கு நாலு போதும், உக்காருடா" என்றார் இவர்.

ஆனால் அன்றைக்கு அவர் நிஜமாகவே ஒரு தப்புச் செய்திருந்தார். நுரையீரலில் கேரியரை நிரப்பிக்கொண்டு வருகிற பயணியை மறுபடியும் முதலாம் பிளாட்பாரத்திலேயே கொண்டுவந்து இறக்கிவிட்டார். இரண்டாம் வரிசையிலிருந்து ஒரு பெண் கையைத் தூக்கினாள். அவள் அம்மாவுக்கு ஷூ கம்பெனியில் ஃபைனல் செக்கிங்கில் வேலை. அதுவரை வகுப்பில் வாய் திறந்து யாரும் பார்க்காத பெண். "நெறஞ்ச கேரியர் எதுக்கு டீச்சர் காலி கேரியர் வர்ற எடத்துக்கே வருது? ரெண்டும் கலந்துடாது?" என்றாள். டீச்சர் போர்டைப் பார்த்தார். பிறகு புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். காது வரை சிவந்துபோய், "ஆமாம்மா. தப்புதான்" என்று அழித்தார். அந்த ஒரு நிமிஷத்தில் அந்த வகுப்புக்கு என்னவோ ஆகிவிட்டது. அதற்கப்புறம் அவர் எதை வரைந்தாலும் நாற்பது கண்களும் தப்பைத் தேடிக்கொண்டு பலகையை மேய ஆரம்பித்தன.

மறுவாரம் அந்தப் பெண் ஒரு சுருள் நுனியில் மிஞ்சிய அம்பு ஸ்டிக்கர்களைக் கொண்டுவந்தாள். போர்டில் போட்டதைச் சார்ட்டிலும் வரையும்படி டீச்சரை நச்சரித்து, தப்பு இருக்கும் இடத்தில் அம்பு ஒட்டினாள். டீச்சர் அவளுக்குச் 'செக்கர்' என்று பெயர் வைத்தார். பெயரும் ஒட்டிக்கொண்டது. கம்பெனியில் அம்பு மட்டும்தான் ஒட்டுவார்களாம், என்ன குறை என்று எழுத மாட்டார்களாம், சரிசெய்கிறவர்தான் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டுமாம். வகுப்பிலும் அதே சட்டம் வந்தது. ஒருத்தர் அம்பு ஒட்டினால் என்ன தப்பு, ஏன் தப்பு என்று வேறொருவர் எழுந்து சொல்ல வேண்டும். சொல்வதற்குப் புத்தகத்தைப் படித்தாக வேண்டும். சொல்லிவிட்டால் "ரீவொர்க்!" என்று மொத்த வகுப்பும் கத்தும். டீச்சர் முணுமுணுத்துக்கொண்டே அழித்து வரைவார்.

செக்கரின் அம்மா கம்பெனிக்கு லீவு விட்ட ஒரு நாளில் பதறிக்கொண்டு பள்ளிக்கு வந்ததும் நினைவிருக்கிறது. டீச்சர் போட்ட படத்தின் மேல் தன் மகள் டேமேஜ் ஸ்டிக்கர் ஒட்டுகிறாள் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். "மரியாத தெரியாத கழுதைங்க டீச்சர், மனசுல வச்சிக்காதீங்க" என்று கையைப் பிசைந்தபடி நின்றார். டீச்சர் அவரை நாற்காலியில் உட்கார வைத்து, "நீங்க வேற. அவ ஒட்டலன்னா எனக்குத்தாம்மா பேஜாரு. தப்பாவே நடத்திட்டுப் போய்டுவேன்" என்றார். அந்த அம்மா நம்பாமல்தான் திரும்பிப் போனார்.

இதெல்லாம் எப்படியோ வெளியே தெரிந்தது. ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற வேலூர் அலுவலகத்திலிருந்து ஒரு மேடம் வந்து பார்த்தார். நல்ல மனுஷி, குறை சொல்ல ஒன்றுமில்லை. பிள்ளைகள் புத்தகத்தைக் கிழித்துவிடுகிற வேகத்தில் பக்கம் புரட்டிச் சண்டை போடுவதைப் பார்த்து அசந்துபோனார். வகுப்பு முடிந்ததும் டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு, "வேணும்னே தப்பா வரைஞ்சு பிள்ளைங்களையே கண்டுபிடிக்க வைக்கிறீங்க. எவ்ளோ அருமையான முறை இது" என்றார். டீச்சர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டச் சொல்லிக் கண்ணைக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டார்.

மேடத்தின் திட்டம் பெரியது. மாவட்டத்துப் பள்ளிகளுக்கெல்லாம் அறிவியல் படக்கதைப் புத்தகம் தயாரிக்க ஒரு குழு அமைக்கப் போகிறார்கள். அதில் டீச்சரைச் சேர்த்து, சில வருஷங்களுக்கு வேலூர் அலுவலகத்திலேயே போட்டுவிடலாம் என்றார். ஒரே ஒரு சம்பிரதாயம்தான். மற்ற ஆசிரியர்கள் முன்னால் ஒரு மாதிரி வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும். அந்த அலுவலகம் சத்துவாச்சாரியிலிருந்து ஷேர் ஆட்டோ தூரம். மத்தியான இடைவேளையில் வீட்டுக்குப் போய், வீட்டுக்காரருக்குக் கையால் ஊட்டிவிட்டுத் திரும்பிவிடலாம். அன்று சாயங்காலம் டீச்சர் என்னிடம் சொன்னார்: "சார், ஸ்டூல்ல வச்ச சோறு மத்தியானத்துக்குள்ள காஞ்சி போய்டுது. அந்த மனுஷன் சூடா சாப்ட்டு எத்தினி நாளாச்சி தெரியுமா?" அவர் எதற்கும் இப்படி ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

மாதிரி வகுப்புக்கு ஜீரண மண்டலம் என்று முடிவானது. முதன்முறையாக டீச்சர் வேண்டுமென்றே தப்புப் போட வேண்டியிருந்தது. ஒரு வாரம் யோசித்தார். நான் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டுக் கொடுத்தேன். ஒரு சோற்றுப் பருக்கை வாயில் நுழைந்து பயணம் போகிற கதை. ஒரு கட்டத்தில் உணவுக்குழாய் நுரையீரலுக்குப் போனது. இன்னொன்றில் பித்தநீர் கிட்னியிலிருந்து வந்தது. அடுத்ததில் பெருங்குடல் முன்னாலும் சிறுகுடல் பின்னாலும் மாறியிருந்தன. நிதானமாகப் பார்த்துப் பார்த்து வரைந்ததால் படமும் வழக்கத்தைவிட நன்றாகவே வந்திருந்தது. எனக்குத் திருப்தி.

அந்த நாள் வந்தது. பக்கத்துப் பள்ளிகளின் ஆசிரியர்கள் பின்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். மேடம் முன்னால் இருந்தார். தலைமையாசிரியர் ஃபேனுக்கு அடியில் இடம் பிடித்திருந்தார். டீச்சர் சார்ட்டை மாட்டி, கதையைச் சொல்லிமுடித்து, "ம், செக்கிங் ஆரம்பிக்கலாம்" என்றார். ஒருவரும் எழவில்லை. பிள்ளைகள் சார்ட்டைப் பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பக்கம் புரட்டுகிற சத்தம்கூட இல்லை. விருந்தாளிகளைப் பார்த்துக் கூச்சம்போல என்று நினைத்து டீச்சர் இன்னொருமுறை கேட்டார். அப்புறம் பெயர் சொல்லியே கூப்பிட்டார். "செக்கர், உன் கண்ணுக்குக்கூட ஒண்ணும் தெரியலையா?"

அவள் எழுந்தாள். ஸ்டிக்கர் சுருள் கையிலேயே இருந்தது. "தெரியுது டீச்சர். ஆனா இதெல்லாம் நீங்க வேணும்னே போட்டது" என்றாள்.

"எப்டி சொல்ற?"

"கட்டத்துக்கு ஒண்ணு ஒண்ணா இருக்கு. தப்பு அப்டி வராது டீச்சர். வந்தா ஒரே எடத்துல மூணு வரும், இல்லன்னா வரவே வராது." கையிலிருந்த சுருளைப் பார்த்தாள். "எங்கம்மாவுக்கும் கம்பெனில இப்டி செய்வாங்க. சூப்பர்வைசர் தெரிஞ்சே ஒரு டேமேஜ் ஜோடிய நல்லதுக்கு நடுவுல சொருகி வைப்பாரு, செக்கர் தூங்குதா முழிச்சினு இருக்குதான்னு பாக்க. கையில எடுத்த ஒடனே எங்கம்மாவுக்குத் தெரிஞ்சிடும். அன்னிக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடாது. இத்தினி வருஷமா பாக்கறேன், என்னை நம்பலையேன்னு அழும்."

மேடம் நிலைமையைச் சமாளிக்க நினைத்து, "புத்திசாலிப் பொண்ணு! சரிம்மா, எப்பவும் டீச்சர் வேணும்னேதானே தப்புப் போடுவாங்க, அதே மாதிரி நெனச்சிக்கோ" என்றார். அந்தப் பெண் திடுக்கிட்டு டீச்சரைத் திரும்பிப் பார்த்தாள். அந்த முகத்தை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை. அத்தனை நாளும் தான் கண்டுபிடித்ததெல்லாம் சொருகி வைத்த ஜோடிகள்தானா என்று அவள் கேட்கிறாள் என்பது எனக்கே புரிந்தது. டீச்சருக்குப் புரியாமல் இருக்குமா? ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லக்கூட வேண்டாம், முன்பு போலச் சும்மா இருந்திருந்தாலே வேலூர் கிடைத்திருக்கும். சும்மா இருங்கள் டீச்சர், சும்மா இருங்கள் என்று நான் மனதுக்குள் மன்றாடிக்கொண்டிருந்தேன்.

டீச்சர் சார்ட்டைச் சுருட்டிக் கீழே வைத்தார். "இல்ல மேடம். இன்னிக்குப் போட்டது மட்டும்தான் வேணும்னே போட்டது. இதுக்கு முன்னாடி போட்டதெல்லாம் எனக்கு நெஜமாவே வந்த தப்பு. எனக்கு வரையவும் வராது, சில விஷயம் சட்டுன்னு ஞாபகமும் வராது. இவங்கதான் திருத்தினாங்க" என்றார். பிறகு அந்தப் பெண்ணிடம், "நீ ஒட்டினது ஒண்ணுகூட நான் வச்ச டெஸ்ட் இல்ல. சத்தியமா இல்ல" என்றார். சாக்பீஸை எடுத்தார், புத்தகம் பார்க்காமல் அதே ஜீரண மண்டலத்தைப் போர்டில் வரைந்தார். இரைப்பையை உடம்பின் வலது பக்கம் போட்டார், கணையத்தை விட்டே விட்டார், குடலைச் சுற்றிச் சுற்றி எங்கே முடிப்பதென்று தெரியாமல் நின்றார். வகுப்பு எழுந்து பாய்ந்தது. அம்பு போதாமல் கடைசியில் விரலாலேயே காட்டினார்கள். பின்வரிசை ஆசிரியர்களில் சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு நல்ல சிரிப்பு இல்லை.

கணையம் எங்கே இருக்கிறது என்று தெரியாத அறிவியல் ஆசிரியரை எந்தக் குழு சேர்த்துக்கொள்ளும்? ஆர்டர் வேறொரு பள்ளி ஆசிரியர் பெயருக்கு வந்தது. செய்தி பரவிய அன்று செக்கர் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்று தேம்பினாள். "நான் வாய மூடினு இருந்திருக்கணும் டீச்சர்." டீச்சர் அவளை அருகே கூப்பிட்டு, தன் முந்தானையாலேயே அவள் முகத்தைத் துடைத்துவிட்டு, "நாளைக்கு எலும்புக்கூடு வரையணும். எரநூறுக்கு மேல எலும்பு. சுருள் ஜாஸ்தியா எடுத்துனு வா" என்று சொல்லி அனுப்பினார். அவள் போனதும் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். நான் திருத்திக்கொண்டிருந்த பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

மறு வருஷம், அந்தப் பிள்ளைகள் பத்தாம் வகுப்பு வந்திருந்தபோது, டீச்சரின் வீட்டுக்காரர் இறந்துபோனார். பகல் வேளை. மத்தியானம் டீச்சர் போட்ட போனை யாரும் எடுக்கவில்லை. மறுபடி மறுபடி போட்டார். பக்கத்து வீட்டம்மா போய்ப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கூப்பிட்டபோது, வேப்பமரத்தடியில் நின்றிருந்தவரைப் பிடித்துக்கொள்ள நாங்கள் ஓட வேண்டியிருந்தது. ஹைவேயில் போன ஒரு காரை நிறுத்தி அவரை ஏற்றிக்கொண்டு போனோம். வழியெல்லாம், "கிட்ட இருந்திருப்பேனே சார், கிட்ட இருந்திருப்பேனே" என்று அதையே சொல்லிக்கொண்டு வந்தார்.

இப்போது நான் வேலை பார்க்கும் பள்ளியில் சுவரகலத்துக்குத் திரை இருக்கிறது. பாடமெல்லாம் வண்ண வண்ணப் படக்கதையாக அதில் ஓடுகிறது. அந்தக் குழு அன்று தயாரித்த புத்தகமும் அதில் இருக்கிறது, நல்ல ஓவியர் வரைந்தது. இதயத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. ஒவ்வொரு பாடத்தின் கடைசியிலும் 'தவறுகளைக் கண்டுபிடி' என்று ஒரு பக்கம். கட்டத்துக்கு ஒரு தவறு. விடை கடைசிப் பக்கத்தில். பிள்ளைகள் சமர்த்தாக விடையைப் பார்த்து எழுதிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போகிறார்கள். அதைப் பார்த்துவிட்டுப் போன மாதம் டீச்சருக்குப் போன் செய்தேன். ஓய்வு பெற்று அதே சத்துவாச்சாரி வீட்டில்தான் இருக்கிறார். சண்டைக் குரல் அப்படியே இருக்கிறது. பேச்சோடு பேச்சாக, அன்றைக்குச் சும்மா இருந்திருக்கலாம் என்று தோன்றியதுண்டா என்று கேட்டுவிட்டேன். "தோணாம இன்னா சார்? இப்பகூட மத்தியானம் ஆனா கை தானா போனை எடுக்குது. ஆனா அந்தப் பொண்ணு மூஞ்சியப் பாத்துட்டு எப்டி சார் சும்மா இருக்கறது? நீங்க இருப்பீங்களா?" என்றார். நான் இருந்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

வீட்டுக்காரர் இறந்து டீச்சர் லீவில் இருந்தபோது அந்தப் பத்தாம் வகுப்பை நான்தான் பார்த்துக்கொண்டேன். அவர் திரும்பி வந்த அன்று, எப்படிச் சமாளிப்பாரோ என்ற கவலையில் வாசலருகே போய் நின்றேன். வெறும் நெற்றியோடு, இளைத்துப்போய் வந்தார். வந்தவர் யாரிடமும் எதுவும் பேசாமல் போர்டில் கட்டம் போட்டார். கிட்னிப் பாடம். அண்ணன் தம்பி இரண்டு பேர் நாள் முழுக்க ரத்தத்தைச் சலித்து அனுப்புகிற கதை. கோடு எங்கெங்கோ போனது. வரைந்து முடித்துவிட்டுத் திரும்பி நின்றார். யாரும் சிரிக்கவில்லை, யாரும் கையைத் தூக்கவில்லை. பாவம் டீச்சர் என்று எல்லா முகத்திலும் எழுதியிருந்தது. "நல்லா இருக்கு டீச்சர்" என்று முன் பெஞ்சில் ஒருத்தி மெதுவாகச் சொன்னாள். டீச்சரின் முகம் அப்படியே வாடிப்போனது. சாக்பீஸைக் கீழே வைக்கப் போனார்.

செக்கர் எழுந்தாள். கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அதைத் துடைக்கவும் இல்லை. "டீச்சர், ரெண்டு பேரும் ஒரே உயரத்துல இருக்காங்க. தப்பு. வலது பக்கத்துக்காரன் கொஞ்சம் கீழ இருக்கணும்" என்றாள்.

"ஏன்?" என்றார் டீச்சர்.

பின்னால் பெஞ்ச் நகர்கிற சத்தம் கேட்டது. ரயில்வேக்காரர் மகன் எழுந்தான். "அவனுக்கு மேல ஈரல் ஒக்காந்துனு இருக்கு டீச்சர். எடம் இல்ல."

டீச்சர் உள்ளங்கையாலேயே அழித்துவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஒருவனை ஒரு விரற்கடை கீழே இறக்கி வரைய ஆரம்பித்தார். "டீச்சர், இப்ப ரொம்பக் கீழ போய்ட்டான்" என்று இரண்டு மூன்று குரல்கள் ஒன்றாகக் கேட்டன.